சவப்பெட்டிமேல் வைக்காத சாவி

சாவு விருந்துக்கு நான்கு பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள். சன்னலோரம் பாதிரியார். கணப்பை ஒட்டி, இறந்த பிரபுவின் தம்பி யோவாஹிம். அவனுக்கு எதிரே அவன் மனைவி. மேசையின் கடைக்கோடியில் விதவை வால்புர்கா. மறுகோடியில் ஹார்ட்விக் பிரபுவின் நாற்காலி காலியாக இருந்தது. சாவிக்கொத்து குலுங்கும் சத்தம் அங்கிருந்துதான் வந்தது.

வால்புர்காவின் கை தானாக இடுப்புக்குப் போயிற்று. கச்சையில் ஒன்றுமில்லை. காலையில்தான் ஊர் பார்க்கக் கொத்தை அவிழ்த்துச் சவப்பெட்டிமேல் வைத்தாள். வீட்டுச் சாவி அத்தனையையும் வைத்துவிட்டால் விதவைக்கும் புருஷன் வீட்டுக்கும் ஒட்டுறவு அற்றுப்போகும். பிறந்த வீட்டுக்குப் போகிறவளை யாரும் மறிக்க முடியாது. கொத்தோடேயே அவரைச் சிற்றாலய நிலவறைக்குள் இறக்கினார்கள்.

“எல்லாச் சாவியும் வெச்சிட்டீங்கல்ல அண்ணி?” பன்றி இறைச்சியை மென்றபடி யோவாஹிம் சிரித்தான். “ஒண்ணு குறைஞ்சாலும் அண்ணன் எந்திரிச்சு வந்து எண்ணுவாரு.”

“செத்த வீட்டுல பேசுற பேச்சா இது?” என்றாள் அவன் மனைவி.

“உங்கண்ணன் உசுரோட இருந்தப்பவே எண்ணாதது என்ன இருக்கு?” என்றாள் வால்புர்கா.

ஒரு சாவி அவள் சட்டைக்குள், நெஞ்சை ஒட்டிக் கிடந்தது. செத்துப்போன மகள் லீஸெயின் ஞானஸ்நான உடுப்பு இருக்கும் பெட்டியின் சாவி. மூன்று வயதுக் குழந்தை காய்ச்சலில் “அம்மா, அம்மா” என்று அரற்றியபோது, எதிர்த்துப் பேசிய குற்றத்துக்காக வால்புர்காவை அடுத்த அறையில் பூட்டி வைத்திருந்தார் ஹார்ட்விக். அவர் கதவைத் திறந்தபோது அரற்றல் நின்றிருந்தது.

பொழுது சாயுமுன், லீஸெயின் பெட்டி இருந்த மாடியறைக்குப் போய்த் தாழிட்டாள். வண்டி அனுப்பச் சொல்லி அண்ணனுக்கு எழுதிக்கொண்டிருக்கையில், ஈரக் கம்பளி நாற்றத்தையும் எரியும் திரியின் புகையையும் மீறி நிலவறையின் சுண்ணாம்பு வாடை கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது. கூடவே, வளையத்தில் சாவிகளை ஒவ்வொன்றாக நகர்த்தும் சத்தம், நிதானமாக, கடைசிவரை போய், அங்கே தயங்கி, மறுபடி முதலிலிருந்து.

“அம்மா! பனி கொட்டுதுங்க!” சன்னலுக்குக் கீழே, முற்றத்தில் குதிரைக்காரன் கூர்ட் கத்தினான். “கடுதாசியப் போடுங்க. இப்ப விட்டா வசந்தத்துலதான் பாதை திறக்கும்.”

சத்தம் கதவருகே வந்தது. நின்றது. எண்ணியது. தயங்கியது.

தாழ் மெல்ல அசைந்தது.

வால்புர்கா மண்டியிட்டாள். சாவியை எடுத்தாள். முத்தமிட்டாள். கதவின் அடியில் தள்ளினாள்.

“எடுத்துக்கோங்க. என்னை விட்ருங்க.”

அந்தப் பக்கம் எதுவோ அதைச் சட்டென்று இழுத்துக்கொண்டது. மறுபடி எண்ணல். இம்முறை தயக்கமில்லை.

அமைதி.

அழுகையும் சிரிப்புமாக அரக்கை உருக்கினாள். கடிதத்தில் ஊற்றினாள். பிறந்த வீட்டு முத்திரையை அழுத்தினாள்.

முதுகுக்குப் பின்னால் லீஸெயின் பெட்டியின் பூட்டு திறந்தது.

அவள் திரும்பவில்லை. மூடி கிரீச்சிட்டது. வெறும் பாதங்கள் தரையில் தேய்ந்தன. தாழிட்ட கதவுக்கு அப்பால், படிக்கட்டில், சாவிச் சத்தத்தோடு ஒரு அரற்றலும் இறங்கிப் போயிற்று. “அம்மா, அம்மா.”

“போடுங்கம்மா!” கீழிருந்து கூர்ட் கத்தினான்.

கடிதத்தைச் சன்னலுக்கு வெளியே நீட்டினாள். அது கையிலிருந்து நழுவி விழுந்தது. கூர்ட் அதைப் பிடித்துக்கொண்டு குதிரையைத் தட்டினான். வாசலைத் தாண்டி மறைந்தான்.

முற்றத்துப் புதுப்பனியில், வீட்டிலிருந்து சிற்றாலயத்தை நோக்கி, ஆளில்லாமல், பெரிய பூட்ஸ் தடங்கள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே போயின. பக்கத்தில், இழுபட்டு இழுபட்டு, சின்ன வெறுங்கால் தடங்கள்.