கல்யாணத்துக்கு வைத்த பாட்டில்

காலைக் காபி ஆறுவதற்குள் அவள் கண்ணாடி அலமாரியைத் திறந்து, பாட்டிலை எடுத்துச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்துவிட்டாள். அந்த வீட்டில் அதுவரை யாரும் துணியாத காரியம்.

"அண்ணி... அதை ஏன் தொட்டீங்க?" என்ற நாத்தனாரின் குரல் கேட்டு, செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து தலைவர் எழுந்து வந்தார்.

தலைவர் என்பது அவள் கணவர். குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரே ஒரு வருடம் தலைவராக இருந்தார். பதவி போயிற்று, பட்டம் போகவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்பதற்குக்கூடத் தொண்டையைக் கனைத்துக்கொண்டுதான் ஆரம்பிப்பார்.

பாட்டில், மகள் பிறந்த வருடத்துச் சிவப்பு ஒயின். கப்பலில் வேலை பார்த்த நண்பர் கொண்டுவந்து கொடுத்தது. 'இவள் கல்யாணத்தன்றுதான் திறப்பேன்' என்று அன்றே தொட்டில் பக்கத்தில் நின்று அறிவித்துவிட்டார். தக்கை காயாமலிருக்க இருட்டில் படுக்கவைக்கச் சொல்லியிருந்தார் நண்பர். இவ்வளவு மரியாதைக்குரிய பொருள் சோம்பேறி மாதிரி படுத்துக்கிடப்பதாவது என்று தலைவர் அதை அலமாரியில் நிமிர்த்தி நிறுத்தி, தலைக்கு மேலே ஒரு விளக்கும் போட்டார். வருகிறவர்களுக்கெல்லாம் அதன் ருசியைப் பற்றி விரிவாகச் சொல்வார். குடித்துப் பார்த்ததில்லை என்பது சொற்பொழிவுக்கு ஒருநாளும் இடைஞ்சலாக இருந்ததில்லை.

மகள் கல்யாணம் நடந்தது. பாட்டில் திறக்கப்படவில்லை. மாடிக் குளியலறையில் அடைத்துக்கொண்ட குழாயைச் சரிசெய்ய வந்த பிளம்பரை மகள் பதிவுத் திருமணம் செய்துகொண்டுவிட்டாள். அடைப்பு எடுக்க வந்தவன் என் மானத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று குதித்தார் தலைவர். பாட்டில் மூடியிருக்கும்வரை அந்தக் கல்யாணம் நடக்கவே இல்லை என்பது அவர் கட்சி. யார் அவளை அனுப்பிவைத்தது என்று கர்ஜித்தபோது, "நான்தான்" என்றாள் மனைவி. அன்றிலிருந்து அவள் சமைத்தது மட்டும் அவருக்குள் போயிற்று. அவள் பேச்சு போகவில்லை. கதவைத் திறந்துவிட்ட புண்ணியவதி என்று நாத்தனாரும் சமயம் பார்த்துக் குத்திக்கொண்டே இருந்தார்.

"மத்தியானம் அவங்க ரெண்டு பேரும் சாப்பிட வர்றாங்க," என்றாள் அவள். "அடுத்த வாரம் வேலைக்குன்னு எங்கேயோ தூரமாப் போறாங்க. அதுக்கு முன்னாடி இதைத் திறக்கணும். நீங்க திறந்தா நல்லது. இல்லேன்னா நான் திறப்பேன்."

"திறந்தேன்னா இந்த வீட்டுல உனக்கு இடம் கிடையாது."

"சரி. திறந்துட்டுப் போறேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. அதுதான் தலைவரைக் கலக்கிற்று. கத்தியிருந்தால் பதிலுக்கு அவரிடம் ஓர் உரை தயாராக இருந்தது.

மகளும் மருமகனும் வந்தார்கள். தலைவர் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மனைவி பாட்டில் திறக்கும் திருகியைத் தக்கையில் இறக்கித் திருகினாள். காய்ந்துபோன தக்கை பொரபொரவென்று உதிர்ந்தது. அந்தச் சத்தத்தைத் தலைவரின் முதுகால் தாங்க முடியவில்லை. "அப்படி இல்ல... தள்ளு," என்று எழுந்து வந்து அவரும் திருகினார். மிச்சத் தக்கை மொத்தமாக உள்ளே விழுந்தது.

அவள் டீ வடிகட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். ஒருவர் ஊற்ற, ஒருவர் பிடிக்க வேண்டும். மருமகன் வடிகட்டியைப் பிடிக்க, தலைவர் ஊற்றினார். பக்கத்தில் பக்கத்தில் குனிந்ததில் இரண்டு தலைகளும் முட்டிக்கொள்ளப் பார்த்தன.

நாத்தனாருக்கு இந்த ஒற்றுமை பொறுக்கவில்லை. "எல்லாம் உங்கம்மா பண்ணின வேலை," என்றார் மகளிடம். "அவங்கதானே அன்னைக்கு உன்னை அனுப்பிவெச்சாங்க..."

மகள் விழித்தாள். "அம்மாவா? அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது அத்தை. கையெழுத்துப் போட்டு முடிச்ச பிறகுதான் போன் பண்ணினேன். என்கிட்டகூடச் சொல்லலையேன்னு அழுதாங்க."

தலைவரின் கை அப்படியே நின்றது. ஒயின் மேஜைவிரிப்பில் சொட்டியது.

"அப்போ ஏன் நான்தான்னு சொன்னே?"

"உங்க கோபம் எங்கேயாவது உக்காரணுமே," என்றாள் அவள். "அவ மேல உக்காந்துட்டா அவ இந்தப் படி ஏற முடியாது. என் மேலன்னா... நான் எங்கே போகப்போறேன்னு நெனச்சேன். இன்னைக்குக் காலைலதான், போனாலும் பரவாயில்லைன்னு தோணிச்சு."

மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டு விசும்பினாள். அம்மாவின் பங்குக்கும் சேர்த்து நாத்தனாரே ஓவென்று அழுதுவிட்டார். ஆரம்பித்துவைத்தவர் என்ற முறையில் அது நியாயம்தான்.

செங்கல் நிறத்தில் இருந்தது ஒயின். தலைவர் பழக்கதோஷத்தில் கோப்பையை வெளிச்சத்தில் தூக்கினார், சுழற்றினார், மூக்கை நுழைத்தார். பழுத்த பழத்தின் மணம், பழைய மரத்தின் மணம் என்று இத்தனை வருடம் ஊருக்குச் சொல்லிவந்ததெல்லாம் நாக்கின் நுனியில் வந்து வரிசையில் நின்றது. ஒரு வாய் குடித்தார்.

"புளிச்சுப்போச்சு," என்றார். அவர் வாழ்நாளிலேயே சுருக்கமான உரை அது. கொஞ்சம் கழித்து, "நான்தான் கெடுத்துட்டேன்," என்றார். ஒயினைப் பற்றியா என்று யாரும் கேட்கவில்லை.

அவள் தன் கோப்பையை எடுத்து, முகம் சுளிக்காமல் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். "நம்ம பொண்ணு கல்யாணத்து ஒயின். குடிங்க."

குடித்தார். கண் கலங்கியது, புளிப்பு என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. கோப்பையை நீட்டினார்.

"மாப்பிள்ளை... இன்னும் கொஞ்சம் வடிகட்டுங்க."

மருமகன் எழுந்தான். அவன் கையிலிருந்த வடிகட்டியை வாங்கி அவள் தலைவரிடம் கொடுத்தாள்.

"நீங்க பிடிங்க. அவர் உக்காந்து சாப்பிடட்டும்."