பத்துக்கு நாலு வாங்கிய பள்ளிக்கூடம்

"நாங்க வீடு மாத்துறோம்" என்றாள் ஜூனி. சொன்ன கையோடு அழுதும் விட்டாள்.

ஹேட்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜூனி பக்கத்து வீடு. இரண்டு பேரும் ஏழாம் வகுப்பு; ஹைஸ்கூலுக்குப் போக இன்னும் இரண்டு வருஷம். இவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பது தூங்கும்போது மட்டும்தான்.

"எதுக்குடி?"

"ஸ்கூலுக்கெல்லாம் மார்க் போடுற வெப்சைட்டை எங்கப்பா போன்ல பாத்தாரு. நம்ம பக்கத்து மில் க்ரீக் ஹைஸ்கூலுக்குப் பத்துக்கு நாலுதானாம். ஊருக்கு வடக்கே மேப்பிள் ரிட்ஜுக்கு ஒம்போதாம். அந்தப் பக்கம் குடியிருந்தாத்தான் அங்க சேர்ப்பாங்களாம்."

அந்த ஊரில் இது புதிதல்ல. வீடு வாங்க வருகிறவர்கள் சமையலறையைப் பார்க்கும் முன்பே பள்ளிக்கூடத்தின் மதிப்பெண்ணைப் பார்த்துவிடுவார்கள். அந்தப் பள்ளிக்குள் ஒரு தடவை போய்ப் பார்க்கத்தான் யாருக்கும் தோன்றாது.

"எங்கண்ணன் வால்ட் மில் க்ரீக்லதானே படிக்கிறான்? நல்லாத்தானே படிக்கிறான்?" என்றாள் ஹேட்டி.

"அதை எங்கப்பாகிட்ட சொல்லு" என்று மூக்கை உறிஞ்சினாள் ஜூனி. "எனக்குக் கணக்கே வராது, ஹேட்டி. ஒம்போது வாங்குன ஸ்கூல்ல என்னை யாரு சீண்டுவா?"

சனிக்கிழமை ஜூனியின் அப்பா டேல், மேப்பிள் ரிட்ஜைச் சுற்றிப் பார்க்க இருவரையும் அழைத்துப் போனார். நீச்சல் குளம், ரோபோ செய்யும் அறை என்று எல்லாம் பளபளவென்று இருந்தது. சுற்றிக் காட்டிய மாணவன் நல்ல பையன்தான்.

"கணக்கு வராதவங்க இங்க என்ன செய்வாங்க?" என்று மெதுவாகக் கேட்டாள் ஜூனி.

"டியூஷன் வச்சுக்குவாங்க. இங்க முக்காவாசிப் பேரு வச்சிருக்கோம்" என்றான் அவன்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஜூனி ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஹேட்டி வால்ட்டைப் பிடித்துக்கொண்டாள். "உங்க ஸ்கூல் ஏன்டா நாலு?"

"வெளிநாட்டுலேருந்து புதுசா வர்ற பிள்ளைங்களுக்கான வகுப்பு மொத்த ஊருக்கும் எங்க ஸ்கூல்லதான் இருக்கு. இங்கிலீஷே அரைகுறையா இருக்கும்போது அவங்களும் எங்களோட அதே பரீட்சைய எழுதணும். எல்லார் மார்க்கையும் கூட்டி சராசரி போட்டா வேற என்ன வரும்?"

ஹேட்டி கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள். பிறகு அப்பாவின் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஜூனி வீட்டுக்கு ஓடினாள்.

"மிஸ்டர் டேல், கொஞ்சம் நேரா நில்லுங்க."

டேல் ஆறடி மூன்று அங்குலம். வாசல் நிலையில் தினம் ஒரு தடவையாவது தலையை இடித்துக்கொள்வார். அவரை அளந்து, ஜூனியின் அம்மா மார்னியை அளந்து, ஜூனியையும் அளந்தாயிற்று. கடைசியில் எட்டு மாதக் குழந்தை ஓட்டிஸைத் தரையில் நீட்டிப் படுக்கவைத்தார்கள். அவன் நாடாவைக் கடித்தான்.

"ஜூனி, சராசரி போடு. அப்புறம் எங்க வீட்டுக்கும் போடு. எங்க நாலு பேரு உயரமும் இதோ இருக்கு."

ஜூனி தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு போட்டாள். ஒரு தடவை தப்பாக வந்தது. அடித்துவிட்டு மறுபடி போட்டாள்.

"எங்க வீடு நாலடி எட்டு அங்குலம். உங்க வீடு அஞ்சடி அஞ்சு!"

"அடப்பாவமே, மிஸ்டர் டேல்! நீங்க குள்ளமான குடும்பமாச்சே! இனிமே மேல் அலமாரில எதுவும் எடுக்கணும்னா எங்கப்பாவைக் கூப்பிடுங்க."

"ஏய் வாலு! உங்கப்பா என் காது உயரம்கூட இல்ல. பச்சைக் குழந்தைய சேர்த்துக் கூட்டுனா அப்படித்தான் வரும்!"

"மில் க்ரீக்லயும் அதேதான்!" என்றாள் ஹேட்டி. வால்ட் சொன்னதை மூச்சு விடாமல் ஒப்பித்தாள்.

மார்னிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "குழந்தையும் வளருமில்ல, டேல்?"

டேல் சிரிக்கவில்லை. தரையில் கிடந்த தாளை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஜூனி, இது நீ தனியாப் போட்ட கணக்கா?"

"ஆமா. ஏன், தப்பா?"

"சரியாத்தான் இருக்கு" என்றார் டேல். "சரி, மில் க்ரீக்கைப் போய்த்தான் பாத்துடுவோமே."

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் டேலையும் ஜூனியையும் ஹேட்டியையும் வால்ட் மில் க்ரீக்கின் நூலகத்துக்கு அழைத்துப் போனான். சுவரில் பெயிண்ட் உரிந்திருந்தது. உள்ளே கூட்டமோ கூட்டம். மேசைக்கு மேசை பிள்ளைகள் ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"ஜூனி, இவ அஸ்மிதா. நேபாளத்துலேருந்து வந்தவ. எனக்கு அல்ஜிப்ரா சொல்லித் தர்றதே இவதான்" என்றான் வால்ட்.

"நான் வந்த வருஷம் எனக்கு 'பாத்ரூம் எங்கே'ன்னு கேக்க மட்டும்தான் தெரியும்" என்று சிரித்தாள் அஸ்மிதா. "ஸ்கூல் மார்க்கைக் குறைச்சவங்கள்ல நானும் ஒருத்தி. நீ உக்காரு ஜூனி. எதுல மாட்டிக்கிட்ட?"

"பின்னம்" என்றாள் ஜூனி, ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிறவள்போல.

"அட, பின்னமா! எல்லாரும் மாட்டுற எடம்தான். வா."

டேல் கதவோரம் நின்று பார்த்தார். அவருடைய போன் அடித்தது. வீடு பார்த்துத் தருகிற அம்மாள்.

"இல்லம்மா, மேப்பிள் ரிட்ஜ் பக்கம் இனிமே தேட வேணாம்" என்றார் டேல். "நாங்க இங்கயேதான் இருக்கப் போறோம்."

ஹேட்டிக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. நூலகமாயிற்றே என்று வால்ட்டின் கையைக் கிள்ளியதோடு நிறுத்திக்கொண்டாள். "ஐயோ!" என்று அவன் கத்தியதில் நூலகமே திரும்பிப் பார்த்தது.

"ஜூனி, கிளம்பலாமா? பசிக்கலையா?" என்று கேட்டார் டேல்.

ஜூனி தலையைத் தூக்கவே இல்லை.

"இருங்கப்பா" என்றாள். "இன்னும் ஒரே ஒரு கணக்கு."