சத்தம் போடாத யானை

"தொடுவியா?" என்று அம்மா இரண்டாவது தடவையாகக் கேட்டாள்.

"மாட்டேன்."

"ஒண்ணையுமே?"

"ஒண்ணையுமே தொட மாட்டேன்மா. வேணும்னா கையைப் பின்னாடி கட்டிக்கிறேன்."

சொன்னபடியே சில்வண்டு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் கண் விழித்தது முதல் கண் மூடும்வரை வாய் ஓயாமல் பேசுகிற பெண்ணுக்கு வீட்டில் வேறென்ன பெயர் வைப்பார்கள்?

அம்மாவின் தொழில், பாட்டையும் பேச்சையும் பதிவு செய்து தருவது. அதற்காக வீட்டு மாடியில் மூன்று அறைகள் இருந்தன. முன்னறையில் ஒரு சோபா. நடு அறையில் கன்சோலும் கம்ப்யூட்டரும். கடைசியில், கண்ணாடிச் சன்னல் வைத்த சின்னப் பாட்டறை.

கன்சோல் பெரிய சூட்கேஸ் அளவு இருக்கும். அதில் வரிசையாகப் பதினாறு ஃபேடர்கள், அதாவது மேலும் கீழும் நகரும் குமிழ்கள். ஃபேடரை மேலே தள்ளினால் சத்தம் கூடும், கீழே இறக்கினால் குறையும். மைக்கில் பாடுவதெல்லாம் முதலில் கன்சோலுக்கு வரும். அங்கிருந்து ஒரு நீல ஒயர் வழியாகக் கம்ப்யூட்டருக்குள் போய்ப் பதிவாகும். பதிவானதைத் திரும்பக் கேட்க வேண்டுமானால், அது மறுபடி கன்சோல் வழியாகத்தான் ஸ்பீக்கருக்கு வரும்.

போன மாதம் சில்வண்டு அதில் ஒரே ஒரு பட்டனைத் தொட்டாள். அது அழகாக மினுக்கியது, அதனால்தான் தொட்டாள். அம்மாவின் ஒரு நாள் வேலை அப்படியே அழிந்து போனது. அம்மா அடிக்கவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் முழுக்கப் பேசவே இல்லை. நாலு அடி வாங்கியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது சில்வண்டுக்கு.

இன்றைக்கு அவளை விட்டால் ஆள் இல்லை. உதவிக்கு வரும் அண்ணனுக்குக் காய்ச்சல். அம்மாவோ பாட்டறைக்குள் உட்கார்ந்து கிட்டார் வாசிக்க வேண்டும். பாடப் போவது எதிர்வீட்டு அக்கா.

அக்கா மழலையர் பள்ளியில் பாட்டு சொல்லித் தருபவள். நாற்பது வாண்டுகளின் கூச்சலுக்கு மேலே கத்திக் கத்தி, அவள் தொண்டையில் ஒரு கட்டி வந்துவிட்டது. நாளைக் காலை ஆபரேஷன். அதன்பிறகு இரண்டு மாதம் வாயைத் திறக்கவே கூடாது. அப்புறம் வரப்போகும் குரல் இதே குரலாக இருக்குமா என்று டாக்டருக்கே தெரியாது.

அக்காவுக்கு ஆறு மாதக் குழந்தை இருக்கிறது. அக்கா தாலாட்டினால்தான் அது தூங்கும். அதன் அப்பாவான மாமா தாலாட்டினால் இன்னும் பலமாக அழும். அதனால் அக்கா டாக்டரிடம் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கியிருந்தாள். ஒரே ஒரு தாலாட்டு. அதுவும் ஒரே ஒரு தடவை.

"இந்தச் சிவப்பு விளக்கையும் அந்தத் திரையையும் மட்டும் பாத்துக்கிட்டு இரு. விளக்கு அணைஞ்சா எனக்குக் கையை ஆட்டு. இல்லேன்னா அசையக் கூடாது" என்றாள் அம்மா.

"தும்மல் வந்தா?"

"முழுங்கு."

சார்ஜ் இல்லாத டேப்லெட்டை அம்மா முன்னறையில் சார்ஜில் போட்டுவிட்டு வந்தாள். சோபாவில் தூங்கிக்கொண்டிருந்த தம்பிக்குப் போர்வையை இழுத்து விட்டாள். மூன்று வயதுத் தம்பிக்கு உருண்டை என்று பெயர். பார்த்தவர்கள் யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

பிறகு அம்மா கன்சோலில் ஒரு பட்டனை அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. பாட்டறையின் கனத்த கதவு மூடிக்கொண்டது.

சில்வண்டு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு காத்திருந்தாள். முதலில் கிட்டார். அதன்மேல் மெல்ல வந்து உட்கார்ந்தது அக்காவின் குரல். திரையில் அந்தக் குரல் பச்சை அலையாக நீண்டுகொண்டே போனது. எல்லாம் நன்றாகத்தான் நடந்தது.

அப்போது மூன்றாவது ஃபேடர் அசைந்தது.

கண் ஏதோ தப்பாகப் பார்த்திருக்கும் என்று நினைத்தாள். மறுபடியும் அசைந்தது. 'சர்ர்ர்' என்று ஒரு சின்னச் சத்தம். ஃபேடர் தானாகவே மேலே ஏறியது, தானாகவே கீழே இறங்கியது.

சில்வண்டு தன் கைகளைச் சரிபார்த்தாள். இரண்டும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன. அப்படியானால் அது யார் கை?

அறையில் வேறு யாரும் இல்லை. ஐந்தாவது ஃபேடர் விழுந்தது. ஆறாவது துள்ளி எழுந்தது. கண்ணுக்குத் தெரியாத யாரோ ஒருவர் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பது போல இருந்தது. திரும்பிப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

'பேயா இருக்குமோ? பேய்க்குக் கன்சோல் ஓட்டத் தெரியுமா?' என்று நினைத்தாள். தெரிந்தாலும் தெரியலாம். அவள் கேள்விப்பட்ட பேய்கள் எல்லாமே ரொம்பக் கெட்டிக்காரப் பேய்கள்.

முதல் ஃபேடர் மெல்ல மெல்லக் கீழே வந்தது. அதுதான் அக்காவின் மைக். ஹெட்ஃபோனில் அக்காவின் குரல் தேய்ந்துகொண்டே போனது. ஃபேடர் அடியைத் தொட்டதும் குரல் நின்றுவிட்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்காவின் உதடுகள் அசைந்தன. கண்களை மூடிக்கொண்டு உருகி உருகிப் பாடினாள். ஆனால் காதில் ஒன்றுமே இல்லை.

ஒரே ஒரு தடவை பாடுகிற பாட்டு போய்விட்டதே! அதைவிடப் பயங்கரமான இன்னொன்றும் சில்வண்டுக்குத் தோன்றியது. அம்மா வெளியே வந்து பார்ப்பாள். ஃபேடர்கள் தாறுமாறாகக் கிடக்கும். "நான் தொடலைம்மா, அதுவா நகர்ந்துச்சு" என்றால் யார் நம்புவார்கள்? சொல்கிற அவளுக்கே நம்பும்படியாக இல்லையே!

கையை ஆட்டிவிடலாமா? ஆட்டினால் அம்மா வாசிப்பதை நிறுத்துவாள். அக்கா பாடுவதை நிறுத்துவாள். மறுபடி முதலிலிருந்து பாட அக்காவுக்கு அனுமதி இல்லை.

'விளக்கையும் திரையையும் மட்டும் பாரு' என்று அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. நிமிர்ந்து பார்த்தாள்.

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. திரையில் பச்சை அலை முன்போலவே ஓடிக்கொண்டிருந்தது. அக்கா குரலை உயர்த்தும்போது அலையும் பெருத்தது. அவள் மூச்சு வாங்கும்போது மெலிந்தது.

காதில் கேட்கவில்லை, ஆனால் கம்ப்யூட்டருக்குள் போகிறது. அது எப்படி என்று அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் ஒன்று புரிந்தது. பாட்டு இன்னும் போகவில்லை. இப்போது கையை ஆட்டினால்தான் போகும்.

'சர்ர்ர்' என்று நான்காவது, ஐந்தாவது, ஆறாவது மூன்றும் ஒன்றாக ஏறின, ஒன்றாக இறங்கின. யாரோ மூன்று விரல்களால் தேய்க்கிற மாதிரி.

விரல் என்றதும் சில்வண்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாட்டறைக்குள் உட்கார்ந்து கிட்டார் வாசிக்கும் நாட்களில் அம்மா டேப்லெட்டைக் கையோடு கொண்டுபோவாள். அதில் விரலை வைத்துத் தேய்த்தால் போதும், இங்கே ஃபேடர்கள் நகரும். ஒயரே தேவையில்லை. அந்த டேப்லெட் இப்போது முன்னறையில் இருக்கிறது. முன்னறையில்தான் உருண்டையும் இருக்கிறான்!

பேய் இல்லை என்று தெரிந்ததும் பயம் போயிருக்க வேண்டும். போகவில்லை, இரண்டு மடங்காகியது. ஏனென்றால் அம்மா பதிவை நிறுத்துவதும் அதே டேப்லெட்டில்தான். ஓரத்தில் சிவப்புக் கட்டம் ஒன்று இருக்கும். உருண்டைக்குச் சிவப்பு என்றால் உயிர்.

அசையக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. சில்வண்டு ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்தாள், மடியிலிருந்து மெத்தை நாற்காலிக்கு மாற்றினாள், பூனை மாதிரி நுனிக்காலில் நடந்தாள்.

முன்னறையில் சோபா காலி. போர்வை தரையில் கிடந்தது. மேசைக்கு அடியில், நாக்கைத் துருத்திக்கொண்டு, மடியில் டேப்லெட்டோடு உட்கார்ந்திருந்தான் உருண்டை.

"அக்கா, பாரேன்! இது மேலே போதுது, கீழே வதுது" என்றான் பெருமையாக.

"அப்படியா?" என்று சில்வண்டு காற்று மாதிரி மெல்லக் கேட்டாள். சிவப்புக் கட்டம் அவன் விரலுக்குப் பக்கத்தில் மினுக்கியது.

"செவப்பு!" என்றான் உருண்டை. விரல் அதை நோக்கி நீண்டது.

பிடுங்கிவிடலாம், ஒரு நொடி வேலை. ஆனால் பிடுங்கினால் அவன் அலறுவான். அவன் அலறினால் பாட்டறையின் கனத்த கதவும் தாங்காது. போன வாரம்தான் ஒருவருடைய பேச்சுக்கு நடுவே அவனுடைய அலறல் கணீரென்று பதிவாகியிருந்தது.

சில்வண்டு சட்டென்று கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றினாள்.

"உருண்டை, யானை வந்திருக்கு. ஏறுறியா?"

விரல் பாதி வழியில் நின்றது.

"நிஜ யானையா?"

"நிஜ யானைதான். ஆனா இது சத்தம் போடாத யானை. யாராவது சத்தம் போட்டா காட்டுக்குப் போயிடும். ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டாத்தான் ஏறலாம்."

உருண்டை யானையைப் பார்த்தான். டேப்லெட்டைப் பார்த்தான். மறுபடி சிவப்புக் கட்டத்தைப் பார்த்தான்.

"ரெண்டு கையுமா?" என்று ரகசியமாகக் கேட்டான்.

"ரெண்டு கையும்."

அவன் டேப்லெட்டைத் தரையில் வைத்தான். சில்வண்டு அதன் விளிம்பை மட்டும் பிடித்து, திரையில் விரல் படாமல் மேசைமேல் ஏற்றினாள். முதுகில் பொத்தென்று பாரம் விழுந்தது. இரண்டு குட்டிக் கைகள் அவள் தலைமுடியைக் கொத்தாகப் பற்றின.

உயிர் போகிற வலி! ஆனால் யானைதான் சத்தம் போடாத யானையாயிற்றே. உதட்டைக் கடித்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, ஐந்து சுற்று. கண்ணில் நீர் முட்டியது. பாட்டு முடிந்ததா, பாதியில் நின்றதா, ஒன்றும் தெரியவில்லை.

ஏழாவது சுற்றில் பாட்டறைக் கதவு திறந்தது.

"சில்வண்டு!" அம்மாவின் குரல் கிரீச்சிட்டது. நாற்காலி காலி. ஃபேடர்கள் தாறுமாறு. "என்ன பண்ணித் தொலைச்சே? எங்கே இருக்கே?"

ஓடி வந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். யானை தவழ்ந்து வந்தது. யானையின் முகம் சிவந்திருந்தது.

"நான் தொடலைம்மா" என்று யானை தேம்பியது. "உருண்டை டேப்லெட்டை எடுத்துட்டான். சிவப்பை அழுத்தப் போனான். பிடுங்கினா அழுவான். அதான்..."

அம்மா மேசைமேல் இருந்த டேப்லெட்டைப் பார்த்தாள். தரையில் கிடந்த போர்வையைப் பார்த்தாள். மகளின் முடியிலிருந்து குட்டி விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள்.

"திரையில அலை வந்துச்சா?"

"நான் எழுந்து வர்ற வரைக்கும் வந்துச்சு. காதுலதான் கேக்கலை."

"அம்மா காதுக்கு ஒரு வழி, அக்கா காதுக்கு ஒரு வழி, கம்ப்யூட்டருக்கு ஒரு வழின்னு தனித்தனியா விட்டிருக்கேன். ஃபேடரை இறக்கினா உன் ஹெட்ஃபோனுக்கு வர்ற வழி மட்டும்தான் மூடும். ஆனா அந்தச் சிவப்பை அழுத்தியிருந்தா..."

அக்கா வெளியே வந்து நின்றாள். ஒரு பாட்டுக்குத்தான் அனுமதி; இனி அவள் பேசக் கூடாது. கேள்வியெல்லாம் கண்ணில்தான் இருந்தது.

அப்போது படிக்கட்டில் அழுகை கேட்டது. மாமா குழந்தையோடு மேலே வந்தார். குழந்தை கையையும் காலையும் உதறிக்கொண்டு அழுதது.

"எல்லா வித்தையும் காட்டிட்டேன், ஒண்ணும் பலிக்கலை. பாட்டு ரெடியா?" என்றார் மாமா.

அம்மா பதிவை நிறுத்தி, பாட்டை முதலிலிருந்து ஓடவிட்டாள்.

ஸ்பீக்கரில் சத்தமே இல்லை.

குழந்தை மட்டும் அழுதது. அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சில்வண்டு கன்சோலைப் பார்த்தாள். கடைசி ஃபேடர் அடியில் கிடந்தது.

"அம்மா, கம்ப்யூட்டர்லேர்ந்து திரும்பி வர்ற ஃபேடர் எது? அதையும் உருண்டை இறக்கியிருப்பானோ?"

அம்மா ஒரு பெருமூச்சு விட்டாள். "பதினாறாவது. நீயே ஏத்து."

"நானா?"

"நீதான்."

சில்வண்டு ஒரே ஒரு விரலை அதில் வைத்தாள். மெல்ல மேலே தள்ளினாள். கிட்டார் வந்தது. அதன்மேல் அக்காவின் குரல் வந்தது, ஒரு கீறல்கூட விழாமல்.

குழந்தை அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டு ஸ்பீக்கரைப் பார்த்தது. பிறகு தன் அம்மாவைத் தேடியது. அக்கா அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். குழந்தை அவளுடைய மூடிய உதடுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. பாட்டு கேட்கிறது, ஆனால் வாய் அசையவில்லையே என்று யோசித்தது போலும். அக்கா அந்தக் குட்டி விரல்களுக்கு முத்தம் கொடுத்தாள்.

பாட்டின் மூன்றாவது அடி முடிவதற்குள் குழந்தையின் தலை தோளில் சாய்ந்துவிட்டது. அக்காவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. துடைக்கக் கையை எடுத்தால் குழந்தை விழித்துக்கொள்ளும் என்று அப்படியே விட்டுவிட்டாள். மாமாதான் தன் சட்டைக் கையால் துடைத்துவிட்டார்.

"இப்ப இறக்கு, மெதுவா" என்று அம்மா மகளின் காதில் கிசுகிசுத்தாள்.

சில்வண்டு ஃபேடரை ஒரு மயிரிழை இறக்கினாள். இன்னொரு மயிரிழை. இன்னும் ஒன்று. பாட்டு எப்போது நின்றது என்று குழந்தைக்குத் தெரியவே இல்லை.