ஹீட் சேம்பருக்குள் உத்தமன்

சூடே ஏற்றாத சேம்பர், சூடு ஆறும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

விண்வெளிக்குப் போய்த் திரும்பும் கலங்களின் அடியில் ஒட்டுகிற பீங்கான் டைல்களை மழையிலும் ஈரத்திலும் நெருப்பிலும் வாட்டிப் பார்க்கிற ஷெட் அது, அம்பத்தூர் எஸ்டேட்டில். ஆள் நுழையுமளவு பெரிய ஹீட் சேம்பர் அணைந்தபின் இரும்பு சுருங்கி டிக், டிக்கென்று முனகும். அகல்யாவுக்குப் பழகிய சத்தம்தான். ஆனால் உத்தமன் அதற்குள் செத்ததிலிருந்து யாரும் ஹீட்டரைப் போடவே இல்லை. சாயங்கால மழை தகரத்தில் கொட்ட, பினாயில் ஊற்றியும் போகாத கருகல் வாடை ஈரத்தோடு கிளம்பி அவள் துப்பட்டாவில் ஏறியது.

"நாளைக்கு விசாரணைக்கு வர்றாங்க," என்றார் மேனேஜர் செல்வகுமார். "கதவு ஸ்விட்ச்சைக் கம்பி போட்டுக் கட்டினது உத்தமன்னு சொல்லிடும்மா."

உள்ளே மாட்டியவர் கதவைத் தள்ளினால் கரண்டை வெட்டுகிற பாதுகாப்பு ஸ்விட்ச் அது; மழைக்காலத்தில் ஈரம் பட்டுச் சும்மா சும்மா வெட்டும். வேலை நிற்கக்கூடாதென்று கட்டச் சொன்னவர் இவர். பேர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் வந்தபிறகுதான் கதவைச் சாத்துவது வழக்கம். உத்தமன் உள்ளே சென்சார் ஒட்டிக்கொண்டிருக்க, கூப்பிடாமல் சாத்தி ஹீட்டரைப் போட்டவரும் இவர்தான். சுவரெல்லாம் பீங்கான். அலறல் துளிகூட வெளியே வரவில்லை.

அகல்யாவுக்கு உடம்பே எரிந்தது.

"கட்டச் சொன்னது நீங்க சார். அங்க உத்தமண்ணன் சம்சாரம் ஷர்மிளாக்கா கைக்கொயந்தயோட குந்திகினு கீது. செத்தவரு மேல பழி போட சொல்றீங்களே, சோறுதான் துன்றீங்களா?"

"உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

"வாணாம். நாளைக்கு எல்லாத்தையும் சொல்லிட்டுப் போறேன்."

டிக். டிக். டிக். வேகமாக.

அகல்யா சேம்பர் பக்கம் திரும்பினாள். "சார்... உள்ள யாரோ கீறாங்க."

"இன்ஜினியர் பேசற பேச்சா இது?" சிரித்துக்கொண்டே கதவைத் திறந்து உள்ளே போனார். "வந்து பாரு. காலி."

கதவு சாத்திக்கொண்டது.

அடித்துச் சாத்தக் காற்றே இல்லை.

பேனலில் சிவப்பு விளக்கு. ஸ்டாப் பட்டனை அடித்தாள். திரும்ப அடித்தாள். மெயினை இழுத்தாள். ஷெட்டே இருண்டது.

கதவின் சிறு கண்ணாடி மட்டும் சிவந்தது. மஞ்சளானது. வெளுத்தது.

பிடியைப் பற்றி, சுவரில் காலை ஊன்றி இழுத்தாள். பாவி. சாகட்டும். இருந்தும் இழுத்தாள்.

உள்ளிருந்தும் யாரோ இழுத்தார்கள். அவளைவிடப் பலமாக.

கண்ணாடியில் செல்வகுமாரின் வாய். கிழியத் திறந்தபடி. அவர் தோளில் கூட்டாளிபோல ஒரு கை. தணலாய்க் கனன்ற கை. அதன் பக்கத்தில் கண்ணில்லாத முகம். அது அவள் பக்கம் திரும்பியது.

மெல்லக் கையசைத்தது, நீ ஊட்டுக்குப் போ என்பதுபோல.