அவன் நின்றால் நகரும் டேபிள்

காலை ஒன்பது மணிக்கு இனோங்கே வந்தாள். பழைய மெஷின்களில் மோட்டாரை இயக்கும் டிரைவ்களைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த எலெக்ட்ரீஷியன், சுரங்க நகரமான கிட்வேயில் அவள் ஒருத்திதான். கருவிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கம்ப்யூட்டர் சொல்படி இரும்பை வெட்டும் சிஎன்சி மில்லிங் மெஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"லுக்வேசா மெஷின்தானே இது?"

"என் மெஷின்," என்றான் சிசாங்கா.

லேத்தில் நின்றிருந்த கபாசோ தலையைத் தூக்காமல் சிரித்தான்.

பதினோரு வருடம் இந்த மெஷினில் லுக்வேசா நின்றான். பக்கத்து டிரில்லில் சிசாங்கா நின்றான். சுரங்கத்திலிருந்து வருபவர்கள் சிசாங்காவைத் தாண்டிப் போய் லுக்வேசாவிடம் வரைபடத்தை நீட்டுவார்கள். லுக்வேசா செத்தபோது பட்டறையே நான்கு நாள் எழவு வீட்டில் படுத்துக் கிடந்தது. சிசாங்கா போகவில்லை. முதலாளியைப் பார்க்கப் போனான். அங்கே எழவு வீட்டில், லுக்வேசாவின் அக்கா மகன் கபாசோவைப் பாயில் உட்கார வைத்து, தண்ணீர் குடிக்கக் கொடுத்து, செத்தவனின் வாரிசாக மாமனின் பெயரை அவனுக்கு ஏற்றினார்கள். இங்கே, மெஷின் சாவி சிசாங்காவின் பைக்குள் வந்தது.

மூன்று மாதம் ஆகிறது. சுரங்க பம்ப்புக்கான இரும்பு உறை இரண்டு வீணாகிவிட்டன. மூன்றாவதும் போனால் மெஷின் கபாசோவுக்கு என்று முதலாளி சொல்லிவிட்டார்.

"என்ன பண்ணுது?" என்றாள் இனோங்கே.

"நிறுத்தி வச்சா டேபிள் நிக்க மாட்டேங்குதுக்கா. பக்கவாட்டுல போற எக்ஸ் நல்லா நிக்குது. முன்னும் பின்னும் போற ஒய் மட்டும் ஊருது."

"எந்தப் பக்கம்?"

"என் பக்கம்."

டேபிளின் விளிம்பில், நகர்வை அளக்கும் டயலைப் பொருத்தினாள். மோட்டார் பிடித்து வைத்திருக்கும்போது ஊசி அசையக் கூடாது. ஊசி ஒரு கோடு நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது. வாயை மூடிக்கொண்டு ஒருவன் முனகுவதுபோல மோட்டார் ஒலித்தது.

கார்பன் பிரஷ்களைக் கழற்றித் துடைத்தாள். கேபிளை ஆட்டிப் பார்த்தாள். ஊசி நகர்ந்தது.

"எக்ஸ் டிரைவை ஒய்க்கு மாத்துறேன். ஒய் டிரைவை எக்ஸுக்கு மாத்துறேன். கோளாறு டிரைவோட சேந்து போச்சுன்னா டிரைவ்தான் காரணம்."

கோளாறு டிரைவோடு போகவில்லை. மோட்டாரை மாற்றினாள். கேபிளை மாற்றினாள். ஒய் ஊர்ந்துகொண்டே இருந்தது.

"இன்னும் எதை மாத்தல?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லு."

தள்ளி நின்றான். ஊசி நின்றது.

அவன் நின்ற இடத்தில் அவளே நின்றாள். ஊசி அசையவில்லை.

"ஏ கபாசோ, இங்க வா."

கபாசோ கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றான். முனகலும் அடங்கியது.

"இப்ப நீ."

சிசாங்கா நின்றான்.

ஊசி நகர்ந்தது.

"மாமாவுக்கு உன் மேல ஆசை வந்துருச்சுண்ணே," என்றான் கபாசோ. "கட்டிப்பிடிக்க வராரு."

"வாயை மூடுறா."

இனோங்கே சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினாள்.

"எழவுக்குப் போனியா?"

"வேலை இருந்துச்சுக்கா."

"யாருக்குத்தான் இல்ல?" பெட்டியை மூடினாள். "இதுக்கு என்கிட்ட ஸ்பேனர் கிடையாது. அந்தப் பையன்கிட்ட விட்டுடு."

"முதலாளிகிட்ட சொல்லிடாதீங்க."

"கேட்டா சொல்வேன்."

பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் வெளியே மாமர நிழலில் ஷீமாக் களியும் கருவாடுமாக உட்கார்ந்தார்கள். சிசாங்கா போகவில்லை. அவன் போனால் அந்த இடத்தில் கபாசோ நிற்பான். கதவைச் சாத்தினான். மூன்றாவது உறையை டேபிளில் ஏற்றி இறுக்கினான். பட்டனை அழுத்தினான். கட்டர் இரும்புக்குள் இறங்கியது.

கரண்ட் போயிற்று.

திரை அணைந்தது. விசிறிகள் நின்றன. சாத்திய கதவுக்குள் பட்டறை இருண்டது. வெயிலில் தகரக் கூரை படபடவென வெடித்தது. சூடான எண்ணெய் வாடைக்கு அடியில் வேறொரு வாடை எழுந்தது. புதிதாகத் தோண்டிய மண். அவன் ஒரு பிடி அள்ளிப் போடாத மண்.

கூரை இடுக்கில் விழுந்த வெளிச்சத்தில், இனோங்கே டேபிளில் விட்டுப்போன டயலைப் பார்த்தான்.

ஊசி நகர்ந்துகொண்டிருந்தது.

டேபிள் விளிம்பு அவன் இடுப்பு வாரைத் தொட்டது. இரண்டு கையாலும் தள்ளினான். இரும்பு தடுப்பதுபோல இல்லை. தோளைக் கொடுத்து ஒருவன் எதிர்த்துத் தள்ளுவதுபோல இருந்தது.

ஓர் அடி பின்னால் வைத்தால் போதும்.

வைக்கவில்லை.

"பதினோரு வருஷம் வச்சிருந்தியே," என்றான் மெல்ல. "போதாதா?"

முனகல் கேட்டது. மோட்டாரிலிருந்து இல்லை. காதோரத்தில்.

விளிம்பு வயிற்றுக்குள் அழுந்தியது. இரும்புக்குள் சிக்கியிருந்த கட்டர் முறிந்தது. மூன்றாவது உறையும் போயிற்று. மூச்சு முட்டியது. அப்போதுதான் பின்னால் போனான்.

டேபிள் தன் இடத்துக்குத் திரும்பியது. ஊசி பூஜ்யத்தில் நின்றது.

இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. யாரும் கேட்கும் முன்பே சாவியைக் கபாசோவிடம் நீட்டினான். கபாசோ கேலி பேசவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

சாயங்காலத்துக்குள் நான்காவது உறை முடிந்தது. சுரங்கத்து ஆள் அதன் முகத்தைக் கட்டைவிரலால் தடவினான்.

"லுக்வேசா கைவேலை."

"ஆமா," என்றான் கபாசோ. அது இப்போது அவன் பெயரும்தான்.

சிசாங்கா லேத்தில் நின்றிருந்தான். முதுகு அவர்களுக்கு, காது அங்கேதான். இந்த லேத்துக்குத் திரை கிடையாது, டிரைவ் கிடையாது. கைச்சக்கரத்தை மனிதன் சுற்றினால்தான் வெட்டும் உளியைத் தாங்கும் சறுக்கு நகரும். பின்னால் மில்லிங் மெஷின் வெண்ணெயை வெட்டுவதுபோல ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஓட்டம் எனக்கு வந்திருக்க வேண்டியது என்று நினைத்தான்.

கைச்சக்கரம் ஒரு கோடு திரும்பியது.

அவன் இரண்டு கையும் பைக்குள் இருந்தன.

சறுக்கு நகர்ந்தது. அவன் பக்கம்.