சாக்குக்கு அடியில் இருந்த தக்காளி

அழைப்பு மணி இருப்பதையே மறந்து அவள் சித்தி வீட்டுக் கதவைப் படபடவென்று தட்டினாள். கையில் ஒரு தக்காளி. அழுது சிவந்த முகமும் ஏறக்குறைய அதே நிறம்.

"திருடினேன்னு சொன்னாக்கூடப் பரவாயில்ல சித்தி. திருட்டுத்தனமா தக்காளி வைக்கிறேன்னு சொல்றாங்க!"

சித்தி ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளைத் துருவித் துருவி விசாரிப்பவர். எதற்கும் பதறமாட்டார். அவருக்கும் சேர்த்துச் சித்தப்பா பதறுவார்.

"உட்காரு. முதல்லேர்ந்து சொல்லு."

அவள் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தது ஒரு தொண்டு நிறுவனத்தின் தோட்டத்தில். அங்கே விளைவது எதையும் விற்பதில்லை. வேலை செய்பவர்கள் ஒரு பச்சை மிளகாய்கூட வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. எல்லாம் மருத்துவமனை, பள்ளிக்கூடம் என்று இலவசச் சாப்பாடு போடும் சமையலறைகளுக்குத்தான். கல்லூரிக்காக வேண்டாவெறுப்பாகப் போனவள், இப்போது விடிந்ததும் தக்காளிப் பாத்தி முன்னால் போய் நின்றுவிடுகிறாள். பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலைக்கு வைத்துக்கொள்வார்கள் என்று உள்ளுக்குள் அவ்வளவு ஆசை.

"ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த காலிப் பெட்டியை டிரைவர் அண்ணன் இறக்கி வச்சார். அடிபடாம இருக்க உள்ள எப்பவும் சாக்கு விரிச்சிருக்கும். அதுமேல பறிச்சு அடுக்கினேன். பெட்டி இப்படிக் கனக்குதேன்னு மேலாளரம்மா சாக்கைத் தூக்கிப் பார்த்தா, அடியில நல்லாப் பழுத்த தக்காளி! நாங்க பாதி சிவந்ததுமே பறிச்சிடுவோம். அதனால, எடை கூட்டிக் காட்ட நான் கடையில வாங்கி ஒளிச்சு வச்சேனாம். என்ன மருந்து அடிச்ச தக்காளியோ, இதைப் போய்ச் சாப்பாட்டுல சேர்க்கிறதான்னு கேட்டாங்க. நாளையிலேர்ந்து வர வேண்டாமாம்."

"போட்டிக்காரங்க சதி!" என்று சித்தப்பா துள்ளி எழுந்தார்.

"சும்மா கொடுக்கிற இடத்துக்கு யாருங்க போட்டி?" என்ற சித்தி தக்காளியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "பூசணி மாதிரி வரி வரியா இருக்கே. கடையில இப்படிப் பார்த்ததில்லையே?"

"கிடைக்காது. நாங்களே விதை எடுத்து வச்சுப் போடுற ரகம். மேலாளரம்மா இருந்த கோபத்துல அதைக் கவனிக்கவே இல்ல."

காம்பு ஓரத்தில் கறுப்பாகத் துகள் ஒட்டியிருந்தது. "மண்ணு," என்றாள் அவள். சித்தி அதை நகத்தால் சுரண்டி முகர்ந்தார்.

"தோட்டத்துல டீ போடுவீங்களா?"

"இல்லையே. டிரைவர் அண்ணன்கூட ஆஸ்பத்திரி சமையலறையிலதான் குடிச்சிட்டு வருவார்."

சித்தி புன்னகைத்தார். ஓட்டுநரின் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை, தோட்டத்துக் கருவிகள் வைக்கும் கொட்டகையில் எல்லோரும் கூடினார்கள். சித்தி கேட்டுக்கொண்டபடி ஓட்டுநர் மருத்துவமனைச் சமையல்காரம்மாவையும் வேனில் ஏற்றி வந்திருந்தார். மேலாளர் விறைப்பாக நின்றார்.

"நாங்க கொடுக்கிறவங்க. யார்கிட்டயும் கைநீட்டி எதையும் வாங்குறதில்ல. இங்க வேலை செய்யறவங்களுக்கு அது நல்லாத் தெரியும்."

சமையல்காரம்மா தலையைக் குனிந்துகொண்டார். சித்தி அதைக் கவனித்தார்.

"இது கடைத் தக்காளி இல்லைங்க, உங்க ரகம். ஆனா இங்க செடியிலயே பழுக்க விடுறதில்ல. அப்போ உங்க விதை வேற எங்கேயோ முளைச்சிருக்கு. சாக்கு மேல இவ அடுக்கினா. அடியில இருந்தது அதுக்கு முன்னாடியே வந்திருக்கணும். காலிப் பெட்டி கனத்தா, இறக்கினவருக்குத் தெரியாதா?"

ஓட்டுநர் கொட்டகைக் கூரையை ஆராயத் தொடங்கினார்.

"காம்புல ஒட்டியிருந்தது டீத்தூள். செடிக்கு உரமாப் போடுற அளவுக்கு டீத்தூள் மிஞ்சுற இடம், பெட்டி வந்த அந்தச் சமையலறைதான்."

சமையல்காரம்மா நிமிர்ந்தார்.

"நீங்க அனுப்பினதுல அழுகின பழத்தை ஆஸ்பத்திரி மாடியில எண்ணெய் டின்ல மண்ணு போட்டுப் பிழிஞ்சு விட்டேன். கொத்துக் கொத்தாக் காய்ச்சுது. டீத்தூள் தவிர எதுவும் போடல. ஆசையா எடுத்துட்டு வந்தேன், வாசல்லயே வேண்டாம்னுட்டீங்க. எப்பவும் வாங்கிட்டே இருக்கோம், ஒரு தடவை கொடுத்தா ஆகாதாம்மா? அடுத்த பெட்டியோட பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்குப் போய்ச் சேரட்டும்னு இவர்கிட்டச் சொல்லி அனுப்பினேன். பழி இந்தப் பொண்ணு தலையில விழும்னு சத்தியமா நினைக்கல."

மேலாளரின் விறைப்பு தளர்ந்தது. அவர் அவள் பக்கம் திரும்பி, "என் தப்புதான்மா. விசாரிக்காம பேசிட்டேன்," என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "இங்கேயே நின்னா எப்படி? உன் பாத்திக்கு யார் தண்ணி விடுவா?" என்றார்.

அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

"அப்போ போட்டிக்காரங்க?" என்று சித்தப்பா மெதுவாகக் கேட்டார். சித்தி அவரைக் கையோடு வீட்டுக்கு அழைத்துப்போனார்.

அடுத்த முறை மருத்துவமனையிலிருந்து பெட்டி வந்தபோது வேனிலிருந்து இறக்கியவள் அவள்தான். நல்ல கனம். தக்காளி இந்தத் தடவை சாக்குக்கு மேலேயே இருந்தது. மேலாளர் இரண்டு கையையும் நீட்டி அதை வாங்கிக்கொண்டார்.