துண்டில் இருந்த கரி

அன்று காலை லீலண்ட் காப்பிக்குச் சர்க்கரை டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தார். "கண்ணு முன்னாடியே இருக்கு. பன்னியை மட்டும் அரை மைல்ல பாத்துடுவீங்க!" என்றாள் அவர் மனைவி வெர்னா. அவர் சிரித்துக்கொண்டே, அவள் தம்பி கிளிஃப்டனைக் கூட்டிக்கொண்டு, சோளக் கொல்லையை நாசம் செய்யும் காட்டுப்பன்றிகளைச் சுடப் போனார்.

தம்பி மட்டும்தான் ஓடி வந்தான். குண்டு பாய்ந்து இறந்த லீலண்டின் உடலை ஆம்புலன்ஸ் எடுத்துப் போன பிறகு, சிவந்து நீர் வழிந்த அவன் கண்களை வெர்னா ஈரத்துண்டால் துடைத்துவிட்டாள். துண்டில் கறுப்பு ஒட்டியது.

நான்காம் நாள் துப்பறிவாளர் ஓரின் மட்டெய்கா அவள் சமையலறையில் அமர்ந்திருந்தார். அவளே அழைத்திருந்தாள். பக்கத்துப் பண்ணை ஆல்வின் கொலைச் சந்தேகத்தில் லாக்கப்பில் இருந்தான்.

"ஆல்வின் வேலித் தகராறு பண்றவன்தான் சார். ஆனா அவன் துப்பாக்கி வெடிச்சா என் ஜன்னலே அதிரும். அன்னைக்குக் கேட்டது சாட்டை சொடுக்கற மாதிரி அஞ்சாறு சத்தம். யார்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

"சைலன்சர்!" என்று துள்ளினாள் உதவியாளர் பவுலா.

"கிளிஃப்டன், நீ எங்கே இருந்தே?" என்றார் ஓரின்.

"ஓடைக்கிட்ட சார், அரை மைல் தள்ளி. என் துப்பாக்கியைத் தொடவே இல்ல, வண்டியிலேயே கிடந்துச்சு. ஆல்வின் சுட்டது எனக்கு நல்லாக் கேட்டுச்சு. பளீர்னு ஒரு சத்தம், பின்னாடியே டக்குனு போல்ட் மூடற சத்தம். ஒவ்வொரு தடவையும்."

"வேலிப் பக்கம்தானே கேட்டுச்சு?" என்றாள் பவுலா.

"பக்கத்தை விடும்மா. அந்த டக்கைப் பிடி." ஓரின் காப்பியைக் கீழே வைத்தார். "சைலன்சர் வெடிச்சத்தத்தைத்தான் விழுங்கும். குண்டு காத்தைக் கிழிக்கற சத்தம் தூரத்துக்கும் போகும். போல்ட், அதான் அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளற இரும்பு, அது மூடறது? துப்பாக்கிக் கட்டையில கன்னத்தை வெச்சிருக்கறவனுக்குக் கேட்கும். அரை மைலுக்குக் கேட்காது. ஆல்வினோடது கையால இழுத்து மூடற பழைய துப்பாக்கி. சுட்ட உடனே தானா மூடிக்கறது உன்னோடது."

வெர்னா எழுந்து போய் அழுக்குக் கூடையிலிருந்து துண்டை எடுத்து வந்தாள். அன்றிலிருந்து அவள் எதையும் துவைக்கவில்லை.

"ஓடைச் சேறுன்னு நெனைச்சேன்."

ஓரின் விரலால் தேய்த்து முகர்ந்தார். "உங்க ஓடை செம்மண்ணும்மா. இது கரி. தானா மூடிக்கற துப்பாக்கியில சைலன்சர் மாட்டி வரிசையாச் சுட்டா, புகை பின்னாடி திரும்பி, சுடறவன் கண்ணுலேயே அடிக்கும்."

வெர்னா தம்பியைப் பார்த்தாள்.

"அப்போ நீ அழலையாடா?"

"பன்னின்னு நெனைச்சுட்டேன்க்கா... சோளத்துக்குள்ள அசைஞ்சுது... பயந்துட்டேன்."

"நீ போய்ப் பாத்தப்போ அவருக்கு உயிர் இருந்துச்சா?"

கிளிஃப்டன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"உன் மூஞ்சியை நான் துடைச்சேன்டா," என்றாள் அவள்.

அன்று சாயங்காலமே ஆல்வின் வீடு திரும்பினான். கிளிஃப்டன் திரும்பவில்லை. வெர்னா இப்போது காப்பிக்குச் சர்க்கரை போடுவதில்லை. டப்பா அதே இடத்தில், கண் முன்னாலேயே இருக்கிறது.